பூசல் மாற்று: பாளையங்கோட்டைச் சிறைமீட்பும் (1801) வழிமறிப்புப் போர்முறையும்

பதினெட்டாம் நூற்றாண்டுத் தென்னாட்டுப் போர்களில் சிறைப்பட்ட வீரர்கள் பெரும்பாலும் உடன்படிக்கையாலோ, பகைவன் பணியில் சேர்ந்தோ, பிணமாகவோதான் சிறையை விட்டு வெளியேறினர். 1780 செப்டம்பர் 10 அன்று பொள்ளிலூரில் கர்னல் பெய்லியின் படை ஹைதர் அலியிடம் தோற்றபோது பிடிபட்டோர் சீரங்கப்பட்டணம், பெங்களூர் முதலிய கோட்டைகளில் அடைக்கப்பட்டனர். பெய்லி 1782இல் சீரங்கப்பட்டணச் சிறையிலேயே மாண்டார். எஞ்சியோருக்கு விடுதலை அளித்தது எந்தப் படையெடுப்பும் அன்று. 1784 மார்ச் 11இல் கையெழுத்தான மங்களூர் உடன்படிக்கையே. பெங்களூர்க் கோட்டையைக் கார்ன்வாலிஸ் கைப்பற்றியது அதற்கும் ஏழாண்டுகள் கழித்து, 1791 மார்ச்சு மாதத்தில். திப்புவின் சிறையிலிருந்த துந்தியா வாக் 1799 மே 4 அன்று சீரங்கப்பட்டணம் வீழ்ந்த குழப்பத்தினால் வெளிவந்தவர். அவரை மீட்கவென்று ஒரு படை புறப்பட்டு வரவில்லை.

இப்பின்னணியில் வைத்து நோக்கும்போதுதான் 1801 பிப்ரவரி 2ஆம் நாள் மாலை பாளையங்கோட்டையில் நிகழ்ந்ததன் தனித்தன்மை விளங்கும். பகைவனின் மாவட்டத் தலைமைக் கோட்டைக்குள் புகுந்து, காவலைக் குலைத்து, சிறைப்பட்ட தலைவர்களை அழைத்துக்கொண்டு, விடிவதற்குள் ஏறத்தாழ 30 மைல் கடந்து சொந்த மண்ணில் சேர்ப்பித்த நிகழ்ச்சி அது. கதைப்பாடல்களும் மேடை நாடகங்களும் இந்நிகழ்ச்சியைச் சிறைவாயிலோடு நிறுத்திவிட்டன. மாறுவேடம், மறைத்து வைத்த ஆயுதம், வாயிற்காவலரோடு கைகலப்பு ஆகியவையே மக்கள் நினைவில் நிற்பவை. ஆயினும் சிறைமீட்பின் வெற்றி தோல்வி முடிவானது வாயிலில் அன்று, வழியில். இதனை நிறுவுவதற்கு வேண்டிய சான்றுகள் பகைத்தரப்பின் எழுத்துகளிலேயே உள்ளன. அவற்றை நம் புறத்திணை இலக்கணத்தின் துணையோடு படிக்க முயல்கிறது இக்கட்டுரை.

சான்றுகள்

இந்நிகழ்ச்சிக்கு முதன்மைச் சான்று கர்னல் ஜேம்ஸ் வெல்ஷ் எழுதி 1830இல் இலண்டனில் வெளியான படைத்துறை நினைவுக்குறிப்புகள் ஆகும். 1801இல் இளம் அதிகாரியாக இருந்த வெல்ஷ் இப்போரில் நேரடியாக ஈடுபட்டவர். அடுத்தது கால்டுவெல் 1881இல் வெளியிட்ட திருநெல்வேலி வரலாறு. கம்பெனி ஆவணங்களைக் கொண்டு கே. இராசையன் 1971இல் வெளியிட்ட தென்னிந்தியக் கிளர்ச்சி பற்றிய நூல் இந்நிகழ்ச்சியைத் தனித்த ஒன்றாகக் கொள்ளாமல் மைசூர், கோவை, திண்டுக்கல், சிவகங்கைப் பகுதிகளை இணைத்த கூட்டமைப்பின் கண்ணியாகக் காட்டியது. நா. வானமாமலை பதிப்பித்த கட்டபொம்மு கதைப்பாடல் மக்கள் தரப்பின் நினைவைப் பேணி வைத்துள்ளது. முதலிரு நூல்களும் வென்றவர் பார்வையில் எழுதப்பட்டவை என்பதை மறத்தலாகாது. எனினும் தாம் ஏமாந்த கதையைத் தாமே எழுதும்போது வென்றவர் பொய் சொல்லும் தேவை குறைவு.

இரவும் நிலமும்

1799 செப்டம்பர் 5இல் பாஞ்சாலங்குறிச்சி தாக்கப்பட்டது. அக்டோபர் 16இல் வீரபாண்டிய கட்டபொம்மன் கயத்தாற்றில் தூக்கிலிடப்பட்டார். கோட்டை இடித்துத் தரைமட்டமாக்கப்பட்டது. தம்பியரான ஊமைத்துரையும் செவத்தையாவும் சுற்றத்தாரோடு பாளையங்கோட்டையில் விலங்கிடப்பட்டனர். கம்பெனியைப் பொறுத்தவரை போர் முடிந்துவிட்டது. சிறையில் இருந்தவர்களுக்கும் அவர்களுக்காக ஊர்களில் காத்திருந்தவர்களுக்கும் அது முடியவில்லை. ஏறத்தாழ பதினாறு மாதம் கழித்துச் சிறைக்குள் பெரியம்மை பரவியது. அதன் காரணமாகக் கைதிகளின் விலங்குகள் கழற்றப்பட்டன. இந்தச் செய்தி வெளியே சென்றிருக்க வேண்டும். விலங்கிட்ட கால்களோடு ஒருவரும் ஓரிரவில் 30 மைல் கடக்க இயலாது.

கம்பெனியின் படைநிலை அப்போது எவ்வாறு இருந்தது? மேஜர் காலின் மெக்காலேயின் பொறுப்பிலிருந்த படையின் பெரும்பகுதி பாளையங்கோட்டையில் இல்லை. வடமேற்கே ஏறத்தாழ 30 மைல் தொலைவில் சங்கரன்கோவிலில் பாசறை அமைத்திருந்தது. பாஞ்சாலங்குறிச்சியோ பாளையங்கோட்டைக்கு வடகிழக்கே. ஆகவே துரத்த வேண்டிய படை ஒரு திசையிலும் தப்ப வேண்டிய இடம் வேறொரு திசையிலும் அமைந்திருந்தன. செய்தி சங்கரன்கோவிலை எட்ட ஓர் இரவு, படை திரும்பிவரக் குறைந்தது ஒரு பகல். இந்த இடைவெளிக்குள் அடங்குமாறு மீட்பு வகுக்கப்பட்டிருப்பதைத் தற்செயல் என்று கொள்வது கடினம்.

நாளும் அவ்வாறே. 1801 ஜனவரி 29ஐ ஒட்டி முழுநிலவு வந்தது என்பது வானியல் கணக்கில் பெறப்படும். எனவே தைப்பூசமும் அந்நாள்களை ஒட்டியதே. மீட்க வந்தோர் திருச்செந்தூர் யாத்திரிகர் வேடம் பூண்டனர் என்ற வழக்கும், விறகு விற்போராய் வந்து கட்டுக்குள் ஆயுதம் மறைத்தனர் என்ற வழக்கும் உண்டு. பூசம் முடிந்து காவடிக் கூட்டம் சாலைகளில் திரும்பிக்கொண்டிருக்கும் வாரத்தில் புதிய முகங்களின் கூட்டம் எந்தக் காவலருக்கும் ஐயம் தந்திராது. மேலும், முழுநிலவுக்கு நான்கு நாள் கழிந்த பிப்ரவரி 2 அன்று, பொழுது சாய்ந்து ஏறக்குறைய மூன்று மணி நேரம் சென்றே நிலவு எழும். கோட்டையை விட்டு நீங்கும்போது இருள், நெடுவழி நடக்கும்போது வெளிச்சம். தாமிரபரணியைக் கடந்தாக வேண்டிய பயணத்திற்கு இவ்விரண்டும் வேண்டும். நெல்லைக்கும் பாளைக்கும் இடையே பாலம் எழுந்தது 1843இல்தான்.

அன்று மாலை பாளையங்கோட்டையிலிருந்த ஆங்கிலேய ஆண்களும் பெண்களும் ஏறத்தாழ இருபதின்மர், மெக்காலேயின் தோட்ட வீட்டில் விருந்துண்டுகொண்டிருந்தனர். வெல்ஷும் அக்கூட்டத்தைச் சேர்ந்தவர். அவ்வேளையில்தான் கைதிகள் காவலரை மடக்கி வாயிலைக் கடந்தனர். விருந்துக் கூட்டத்தையே வளைத்திருந்தால் மாவட்டத்தின் அதிகாரம் முழுவதும் ஒரே அறையில் சிக்கியிருக்கும். மீட்க வந்தோர் அதனை நாடவில்லை. இதனை வாய்ப்பை நழுவவிட்டதாகக் கருதுவாரும் உளர். வந்த வேலை எதுவோ அதனை மட்டும் முடித்துக்கொண்டு நீங்கியதே திட்டத்தின் செறிவைக் காட்டுகிறது எனல் பொருந்தும்.

வழியைக் கட்டுதல்

வெல்ஷ் ஒரே தொடரில் கூறிக் கடந்துசெல்லும் செய்தி ஒன்று இக்கட்டுரைக்கு இன்றியமையாதது. தப்பிச் சென்றோர் வழியிலிருந்த பல காவல் நிலைகளில் நூற்றுக்கும் மேற்பட்ட காவலரைத் திடீரென வளைத்து, அவர்தம் ஆயுதங்களைப் பறித்துச் சென்றனர் என்பது அச்செய்தி. பொதுவாக இது வீரச்செயலாகப் பாராட்டப்படும். ஆனால் ஒரு வினா எழ வேண்டும். ஒளிந்தோடும் கூட்டம் காவல் நிலைகளை விலக்கி ஓடுவதே இயல்பு. இவர்களோ ஒவ்வொன்றாக அவற்றை நாடிச் சென்றிருக்கின்றனர்.

இதற்குக் காரணம் தெளிவு. பின்னால் வரும் குதிரைப்படைக்கு வழிகாட்டவும், முன்னால் உள்ள நிலைக்குச் செய்தி அனுப்பவும், எட்டயபுரம் போன்ற கம்பெனி சார்புப் பாளையங்களின் ஆள்களைத் திரட்டி எதிரே நிறுத்தவும் வல்லவை அந்தக் காவல் நிலைகளே. அவற்றைக் குலைத்தால் சாலை முழுவதும் அந்த ஓர் இரவுக்குக் கம்பெனியின் கையை விட்டுப் போகும். கூடவே நூறு பேரின் ஆயுதங்கள், ஆயுதமற்றிருந்த கைதிகளின் கைக்கு வந்து சேரும். வழிமறிப்பு என்றால் ஓரிடத்தில் மரத்தை வெட்டிப் போட்டு நிற்பது மட்டுமன்று. துரத்துவோனுக்குக் கண்ணும் காதும் இல்லாமற் செய்வதும் வழிமறிப்பே.

இரண்டாம் கட்டம் சில நாள்களில் நிகழ்ந்தது. சங்கரன்கோவில் படையைக் கயத்தாற்றில் கூட்டிக்கொண்டு பாஞ்சாலங்குறிச்சி நோக்கி மெக்காலே புறப்பட்டார். குலையநல்லூரில் ஆயிரம் பேருக்குக் குறையாத பாளையக்காரர் படை அவரை எதிர்கொண்டது. அம்மோதலில் கம்பெனி நிலைகுலையவில்லை. ஆயினும் அது சென்று சேர்ந்தபோது, இடித்துத் தரைமட்டமாக்கிய கோட்டை மீண்டும் எழுந்து நிற்கக் கண்டது. சில நாள்களுக்குள் மண்சுவர் எழுப்பி, கொத்தளங்கள் அமைத்து, அதனுள் ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் நின்றனர். முற்றுகைக்கு வேண்டிய பீரங்கியும் ஆள்வலியும் இன்றி வந்த மெக்காலே பாளையங்கோட்டைக்கே பின்வாங்கினார். பிப்ரவரி 2 இரவு துரத்தல் உடனே நிகழ்ந்திருந்தால் கட்டுவதற்குக் கோட்டையும் இல்லை, கட்டுவோரும் இருந்திரார்.

மார்ச் 31இல் கம்பெனி நடத்திய பெருந்தாக்குதல் பேரிழப்போடு முறியடிக்கப்பட்டது. கர்னல் அக்னியூ தலைமையில் கூடுதல் படைகள் வந்த பின்னரே மே 24இல் கோட்டை வீழ்ந்தது. சிறைமீட்புக்கும் கோட்டை வீழ்ச்சிக்கும் இடையே 111 நாள்கள். ஓரிரவு வழிமறிப்பு ஈட்டித் தந்த காலம் இது.

வைக்கோல் துரும்பு

திட்டம் வகுத்தவர் யார் என்று வினவினால் சிறைக்குள்ளிருந்த ஊமைத்துரையின் பெயரையே முதலில் சொல்ல நேரும். அவரைப் பகைவராகக் கண்ட வெல்ஷே அவருடைய ஆற்றலை வியந்து எழுதியுள்ளார். பேச்சும் கேள்வியும் குறைந்த, மெலிந்த உடலினரான அவரை மக்கள் தெய்வமாகப் போற்றினர் என்பது வெல்ஷ் தரும் சித்திரம். கட்டளையிடும் முறையையும் அவர் குறித்துள்ளார். சில வைக்கோல் துரும்புகளை எடுத்து இடது உள்ளங்கையில் அடுக்குவார்; அவை ஆங்கிலப் படை. நேரம் முதலியவற்றைச் சைகையால் உணர்த்துவார். பின்னர் வலக்கையால் வீசெனும் ஒலியோடு துரும்புகளைத் தட்டிவிடுவார். அதுவே தாக்குதல் ஆணை.

இச்செய்தியைப் படைத்துறை நோக்கில் பார்த்தல் நலம். எண்ணிக்கை, இடம், நேரம், அடையாளம் ஆகிய நான்கும் அச்சைகைக்குள் அடங்கியுள்ளன. ஒரு கெரில்லாப் படைத்திட்டத்திற்கு வேண்டுவன இவையே. எழுத்தில்லை, ஆதலால் பகைவன் கையில் சிக்கும் ஓலையும் இல்லை. காவலர் காதுக்கு எட்டும் பேச்சும் இல்லை. ஆவணக் காப்பகங்களில் மீட்புத் திட்டத்தின் சுவடு மிகக் குறைவாகக் கிடைப்பதற்கு இதுவும் ஒரு காரணமாகலாம்.

பிலிப்பைன்ஸ் ஒப்புமை

பாளையங்கோட்டை நிகழ்ச்சியில் ஊகித்து அறிய வேண்டியவை, 144 ஆண்டுகள் கழித்து நடந்த மற்றொரு மீட்பில் விரிவாகப் பதிவாகியுள்ளன. இரண்டாம் உலகப்போரில் பிலிப்பைன்ஸின் லூசோன் தீவில் கபனதுவான் என்னுமிடத்தில் ஜப்பானியர் அமைத்த சிறைமுகாமில் 500க்கும் மேற்பட்ட போர்க்கைதிகள் எஞ்சியிருந்தனர். பலாவான் தீவில் 1944 டிசம்பர் 14 அன்று ஏறத்தாழ 140 அமெரிக்கக் கைதிகளை ஜப்பானியர் எரித்தும் சுட்டும் கொன்ற செய்தி வந்தபின், கபனதுவான் கைதிகளுக்கும் அதே முடிவு நேரும் என்ற அச்சம் எழுந்தது. கர்னல் மியூச்சியின் தலைமையில் 121 அமெரிக்க ரேஞ்சர் வீரர்கள் பகை எல்லைக்குள் ஊடுருவினர்.

முகாம் ஒரு நெடுஞ்சாலையின் ஓரத்தில் இருந்தது. வடகிழக்கே ஏறத்தாழ ஒரு மைலில் காபு ஆற்றுப் பாலம். அதன் மறுகரையில் பல நூறு ஜப்பானியர், டாங்குகளோடு. தென்மேற்கே சில மைல்களில் கபனதுவான் நகரம், அங்கும் பெரும்படை. இரு திசைகளையும் அடைத்தாலன்றி முகாமைத் தொட இயலாது. அவ்வேலை பிலிப்பைன்ஸ் கெரில்லாப் படைகளிடம் விடப்பட்டது. கேப்டன் ஹுவான் பஜோட்டா ஏறத்தாழ 200 பேரோடு பாலத்தையும், கேப்டன் எதுவார்தோ ஹோசோன் ஏறத்தாழ 80 பேரோடு நகரச் சாலையையும் மறித்தனர்.

திட்டத்தைச் செப்பனிட்டவரும் பஜோட்டாவே. ஜப்பானியப் படைப்பிரிவு ஒன்று அவ்வழியே கடந்து செல்வதால் ஒருநாள் பொறுக்க வேண்டும் என்று வற்புறுத்தினார். ஜனவரி 29 என்றிருந்தது 30 ஆயிற்று. முகாம் காவலரின் கண்களை வானத்துக்குத் திருப்ப ஒரு விமானம் தாழப் பறக்கட்டும் என்றதும் அவர் கருத்தே. தொலைபேசிக் கம்பிகள் அறுக்கப்பட்டன. நடக்க இயலாத கைதிகளுக்காக எருமை வண்டிகள் ஆற்றங்கரையில் நிறுத்தப்பட்டன. பாலத்தில் நேரங்குறித்த வெடி பொருத்தப்பட்டது. வெடி பாலத்தை முழுதும் தகர்க்கவில்லை. ஆனால் டாங்குகள் கடக்க முடியாதபடி இடைவெளி ஒன்றை ஏற்படுத்தியது, அதுவே போதுமானதாயிற்று. பஜோட்டாவின் ஆள்கள் பாலத்தின் மீது வந்த தாக்குதல்களை ஒன்றன்பின் ஒன்றாக முறியடித்துக்கொண்டிருக்க, மறுபுறம் முகாம் அரைமணி நேரத்தில் காலியாயிற்று. ரேஞ்சர் வீரர்களுள் இறந்தோர் இருவர். முழுநிலவு கழிந்து இரண்டே நாளான இரவு அது என்பதும் இங்கு எண்ணத்தக்கது.

இவ்விரு நிகழ்ச்சிகளையும் ஒரே அளவில் நிறுத்தல் தகாது. ஒன்றில் வானொலியும் விமானமும் பேரரசு ஒன்றின் படையும் பின்நின்றன. மற்றொன்றில் விறகுக்கட்டும் காவடிக்கூட்டமும். ஆயினும் இரண்டிலும் உள்ளே புகுந்தோரின் எண்ணிக்கையைவிட வெளியே வழியைக் காத்தோரின் பணி நீண்டது. பகைவனின் வலிமையான படை அருகிலிருந்தும் உரிய நேரத்தில் வந்து சேர முடியாமற் போனதே வெற்றிக்குக் காரணமாயிற்று. மற்றோர் ஒற்றுமையும் உண்டு. புகழ் முகாமுக்குள் புகுந்தோர்க்கே சென்றது. பஜோட்டாவின் பெயர் நெடுங்காலம் அடிக்குறிப்பாகவே கிடந்தது. பாளையங்கோட்டைச் சாலையில் காவல் நிலைகளை மடக்கியோருக்குப் பெயர்கூட மிஞ்சவில்லை.

இலக்கண நூல்கள் அறிந்தது

தொல்காப்பியப் புறத்திணையியல் வெட்சிக்குப் பதினான்கு துறைகளை வகுக்கிறது. அவற்றுள் பகைநிலையை ஒற்றரால் அறிதல் ‘வேய்’. ஊரை அறியாமல் சூழ்ந்து தங்குதல் ‘புறத்திறை’. நிரையைக் கவர்தல் ‘ஆகோள்’. அதனை அடுத்து வருவது ‘பூசல் மாற்று’. கவர்ந்த நிரையை மீட்கப் பின்தொடர்வோரை எதிர்த்து நிறுத்துதல் என்பது அதன் பொருள். பின்னர் ‘நோயின்று உய்த்தல்’, அதாவது கொண்டுவரும் நிரைக்கு வருத்தம் நேராமல் செலுத்துதல். ஐயனாரிதனாரின் புறப்பொருள் வெண்பாமாலை இதனைச் ‘சுரத்துய்த்தல்’ என்று குறிக்கும். ஊர்க்கு அண்மையில் தோன்றுதலும் நிரையை ஊர்மன்றில் நிறுத்துதலும் அடுத்தடுத்த துறைகள்.

கவர்தலுக்கு ஒரு துறை. கவர்ந்ததோடு ஊர் திரும்புதலுக்கு நான்கு துறைகள். இவ்விகிதம் உரையாசிரியர்களால் பெரிதும் பேசப்படவில்லை. வெட்சியைப் போரின் தொடக்கச் சடங்காகக் கொண்டு கடந்துவிடும் போக்கே நம்மிடை மிகுதி. உண்மையில் அது ஒரு செயல்முறை இலக்கணம். உயிருள்ள ஒன்றைப் பகைநிலத்திலிருந்து சேதமின்றிக் கொண்டுவரும் வேலையில் எங்கே இடர் மிகும் என்பதை அறிந்தவர்கள் வகுத்தது. ஆநிரைக்குப் பதில் அம்மையால் நலிந்த கைதிகளைக் கொண்டால் பாளையங்கோட்டைச் சாலை அப்படியே அத்துறைகளுக்குள் அடங்கும். பாளையக்காரர் படைவீரர் தொல்காப்பியம் கற்று அதன்படி நடந்தனர் என்பது இதன் கருத்தன்று. காவலும் களவும் பூசலும் தொழிலாக நிலைத்திருந்த வறண்ட நிலத்தில் அப்போர்முறை நெடுங்காலம் உயிரோடு இருந்தது என்பதே கருத்து.

மீண்டும் ஒரு மீட்பு

மே 24இல் கோட்டை வீழ்ந்தபோது ஊமைத்துரை காயமுற்று வீழ்ந்தார். அன்று நடந்ததாக வெல்ஷ் ஒரு செய்தி தருகிறார். களத்தில் தம் உறவினரைத் தேடி வந்த பெண்களுள் ஒருத்தி குற்றுயிராய்க் கிடந்த மகனைக் கண்டாள். அவன் தன்னை விடுத்துத் தலைவனைக் காக்குமாறு வேண்டினான். பெண்கள் ஊமைத்துரையைத் தூக்கிச் சென்றனர். எட்டயபுரத்து ஆள்கள் தேடி வந்தபோது, அவர் உடலைத் துணியால் மூடி, அம்மையால் இறந்தவன் என்று அழுதனர். வந்தோர் அருகே அணுகாமல் அகன்றனர். சிறையில் விலங்கைக் கழற்றிய அதே நோய் இம்முறை வேலியாக நின்றது. ஆயுதமின்றி நிகழ்ந்த பூசல் மாற்று எனலாம்.

அங்கிருந்து கமுதி, பின்னர் மருதுபாண்டியரின் சிவகங்கைச் சீமை. ஜூன் 16இல் சின்னமருதுவின் திருச்சிராப்பள்ளிப் பிரகடனம் வெளிவந்தது. அக்டோபர் தொடக்கத்தில் காளையார்கோவில் வீழ்ந்தது. அக்டோபர் 24இல் மருதிருவர் திருப்பத்தூரில் தூக்கிலிடப்பட்டனர். ஊமைத்துரையும் பிடிபட்டு நவம்பர் 16இல் பாஞ்சாலங்குறிச்சியிலேயே தூக்கிலிடப்பட்டார்.

தூக்கிலிருந்து எஞ்சியோரை என்செய்வது என்ற நிலையில் கம்பெனி எடுத்த முடிவு கவனிக்கத்தக்கது. அவர்களை மாவட்டத்துக் கோட்டை எதிலும் அடைத்து வைக்கவில்லை. சிவகங்கை வேங்கன் பெரிய உடையணத் தேவர் முதலான எழுபதுக்கும் மேற்பட்டோரை 1802 பிப்ரவரியில் தூத்துக்குடியில் கப்பலேற்றிப் பினாங்குத் தீவுக்கு அனுப்பியது. பாளையங்கோட்டைச் சிறை உடைந்து சரியாக ஓராண்டு ஆகியிருந்தது.